இளவரசியின் காய்ச்சல்

1643 மே 6 என்று தேதியிட்ட ஒரு கடிதம் ஹேக் நகரிலிருந்து தத்துவ ஞானி ரெனே தெக்கார்த்துக்குப் போனது. எழுதியவர் எலிசபெத், வயது 24. அவருடைய தந்தை ஃபிரெடரிக் பொஹேமியாவின் அரியணையில் ஓராண்டே அமர்ந்திருந்தவர்; ‘குளிர்கால அரசர்’ என்று பகைவர்கள் அவருக்குப் பட்டம் சூட்டியிருந்தார்கள். 1620 நவம்பரில் வெள்ளைமலைப் போரில் தோற்றபின் அந்த முடி போயிற்று. பரம்பரைச் சொத்தான பலடினேட் நாடும் கைவிட்டுப் போயிற்று. டச்சு நாட்டில் அடைக்கலம் புகுந்த அந்தக் குடும்பத்தின் மூத்த மகள் இலத்தீன், கிரேக்கம், கணிதம் எல்லாம் கற்றவர். உடன்பிறந்தவர்கள் அவரைக் ‘கிரேக்கச்சி’ என்றே கூப்பிட்டார்கள். தெக்கார்த்தின் ‘தியானங்கள்’ நூல் அச்சாகி இரண்டே ஆண்டு ஆகியிருந்தது. அதைப் படித்த எலிசபெத் கேட்டது இதுதான்: மனித ஆன்மா சிந்திக்கும் பொருள் மட்டுமே என்றால், அது உடலை எப்படி அசைக்கிறது? ஒன்றை அசைக்க வேண்டுமானால் தள்ள வேண்டும். அந்தத் தள்ளுதலின் வகையோ, தள்ளும் பொருளின் மேற்பரப்பின் தன்மையோ வடிவமோ அசைவைத் தீர்மானிக்கும். தள்ளுவதற்குத் தொடுகை வேண்டும். வடிவத்துக்கு இடத்தில் பரந்திருத்தல் வேண்டும். ஆன்மாவுக்கு இரண்டுமே இல்லை என்கிறீர்களே?

மனத்தின் தத்துவத்தைக் கற்பிக்கும் பாடநூல்களில் இந்தக் கடிதத்துக்கு இன்று உறுதியான இடம் உண்டு. மனமும் உடலும் வேறு வேறு பொருள்கள் என்னும் இருமைவாதத்துக்கு எழுந்த முதல் பெரிய எதிர்ப்பு என்று சொல்லி, இந்தக் கேள்வியைத் தனியே எடுத்துவைத்து, ஒரு பத்தியில் முடித்துவிட்டு அடுத்த தத்துவஞானிக்குப் போய்விடுகிறார்கள். அந்தப் பழக்கத்தில் ஒரு பெரிய இழப்பு இருக்கிறது. எலிசபெத் அந்த ஒரு கேள்வியோடு நின்றவர் அல்லர். தெக்கார்த் இறக்கும்வரை, ஏறத்தாழ ஏழு ஆண்டுகள், இந்தக் கடிதப் போக்குவரத்து நீடித்தது. அந்த ஏழாண்டுக் கடிதங்களையும் தொடர்ச்சியாக வாசித்தால் ஆன்மா உடலைத் தள்ளுவது எப்படி என்ற கேள்வி அவருடைய இரண்டு கேள்விகளில் எளியது என்பது தெரியும். கடினமான கேள்வி எதிர்த்திசையிலிருந்து வருகிறது: உடல் நோயுறும்போது ஆன்மா ஏன் தன் பகுத்தறிவையே இழக்கிறது? முதல் கேள்விக்குக் காலப்போக்கில் ஓரளவு பதில் கிடைத்துவிட்டது. இரண்டாவதற்கு இருமைவாதம் இன்றுவரை நேர்மையான பதிலைத் தரவில்லை என்பதே என் கட்சி.

முதலில் தெக்கார்த் என்ன சொன்னார் என்பதில் தெளிவு வேண்டும். இங்கே தமிழ் வாசகருக்கு ஒரு தனித் தடை உண்டு. ‘உயிர்’ என்ற நம் சொல்லில் மூச்சும், உடலை வாழவைக்கும் ஆற்றலும், மறுமைக்குப் போவதும் ஒன்றாகவே கிடக்கின்றன. அரிஸ்டாட்டிலைப் பின்பற்றிய ஐரோப்பியப் பள்ளிகளின் ஆன்மாவும் ஏறத்தாழ அப்படித்தான் இருந்தது. செடிக்கும் ஓர் ஆன்மா உண்டு, அதன் வேலை வளர்ப்பதும் ஊட்டுவதும். தெக்கார்த் அந்த முடிச்சை அறுத்தார். செரிமானம், இதயத் துடிப்பு, குருதியோட்டம், தசையசைவு எல்லாமே கடிகாரத்தின் பற்சக்கரங்களைப்போல இயங்கும் பருப்பொருளின் வேலை. இவற்றுக்கு ஆன்மா தேவையில்லை. ஆன்மாவுக்கு அவர் விட்டுவைத்த ஒரே வேலை சிந்தித்தல். உயிரோடிருக்கும் உடல் ஓர் இயந்திரம், சிந்திக்கும் மனம் இடமே பிடிக்காத வேறொரு பொருள் என்ற இந்தப் பிரிவினை மருத்துவத்துக்கும் இயற்பியலுக்கும் அளவற்ற சுதந்திரம் தந்தது. மதத்தோடு மோதாமல் உடலை அறுத்துப் பார்க்கலாம், அளக்கலாம். இருமைவாதத்தை வெறும் மதநம்பிக்கையின் மிச்சம் என்று ஒதுக்குகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அது தன் காலத்தின் புதிய அறிவியலுக்குப் போடப்பட்ட அடித்தளம். அதனாலேயே அதன் விரிசலும் பெரிய செய்தி.

தெக்கார்த் மே 21ஆம் தேதி எக்மொண்ட் கிராமத்திலிருந்து பதில் எழுதினார். நமக்கு மூன்று அடிப்படைக் கருத்துகள் பிறப்பிலேயே உண்டு என்றார்: உடலைப் பற்றியது, ஆன்மாவைப் பற்றியது, இரண்டின் ஒன்றிப்பைப் பற்றியது. ஒன்றை மற்றொன்றால் விளக்கப் புகுந்தால் குழப்பமே மிஞ்சும். ஓர் உவமையும் கொடுத்தார். பழைய பள்ளியினர், கல்லைக் கீழே இழுப்பது அதன் ‘கனம்’ என்ற குணம் என்று நம்பினார்கள். அந்தக் கனம் கல்லைத் தொட்டுத் தள்ளுகிறது என்று யாரும் எண்ணவில்லை. ஆனாலும் அது கல்லை அசைக்கிறது என்பதில் அவர்களுக்குச் சிக்கல் இருக்கவில்லை. ஆன்மா உடலை அசைப்பதையும் அப்படிப் புரிந்துகொள்ளலாமே என்றார். எலிசபெத் இதில் மயங்கவில்லை. கனம் என்ற அந்தக் குணத்தைப் பொய் என்று நிறுவியவரே நீங்கள்தானே, பொய்யென்று தள்ளிய ஒன்றைக்கொண்டு மெய்யை எப்படி விளக்குவீர்கள் என்று ஜூன் மாதக் கடிதத்தில் கேட்டார். பருவடிவற்ற ஒன்றுக்கு உடலை அசைக்கும் ஆற்றல் உண்டு என்று ஒப்புவதைவிட, ஆன்மாவுக்கே பருமையும் பரப்பும் உண்டு என்று ஒப்புவது தனக்கு எளிது என்றும் எழுதினார். ஓர் அரசகுமாரி தன் காலத்தின் மிகப் பெரிய அறிஞருக்கு, அதுவும் கடிதப் போக்குவரத்துத் தொடங்கிய சில வாரங்களில், இவ்வளவு நேராக எழுதியதை நினைத்தால் இன்றும் வியப்பு தோன்றுகிறது.

இந்தக் கேள்வியை முதலில் எழுப்பியவர் எலிசபெத் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘தியானங்கள்’ நூலோடு சேர்ந்தே அச்சான எதிர்ப்புரைகளில் பியேர் கசாந்தி ஏறக்குறைய இதையே கேட்டிருந்தார். அங்கே விவாதம் வசையாக முடிந்தது. கசாந்தி தெக்கார்த்தை ‘மனமே’ என்று விளிக்க, தெக்கார்த் அவரைத் ‘தசையே’ என்று திருப்பி விளித்தார். பின்னாளில் தன் கடிதங்களை வெளியிட்ட கிளார்செலியேக்கு 1646 ஜனவரியில் எழுதிய கடிதத்தில்தான் தெக்கார்த் இதற்குத் தன் ஆகச் சிறந்த பதிலைத் தந்தார்: இயல்பில் வேறுபட்ட இரண்டு பொருள்கள் ஒன்றன்மீது ஒன்று செயல்பட முடியாது என்பது நிறுவப்படாத ஓர் ஊகம், அவ்வளவே. இந்தப் பதிலுக்கு வலிமை உண்டு. நியூட்டனின் 1687ஆம் ஆண்டு நூலுக்குப் பிறகு, தொடாமல் இழுக்கும் ஈர்ப்பை இயற்பியலே ஏற்றுக்கொண்டது. ஹியூம் இன்னும் ஒரு படி மேலே போனார்: பில்லியர்ட்ஸ் பந்து பந்தைத் தள்ளுவதிலும் ‘எப்படி’ என்பது நமக்குத் தெரியாது, ஒன்றையடுத்து ஒன்று வருவதை மட்டுமே பார்க்கிறோம். அப்படியானால் தொடுகை இல்லை என்பதை ஆன்மாவின் தனிக் குற்றமாகச் சாட்ட முடியாது. நம் காலத்தில் கொரிய அமெரிக்கத் தத்துவஞானி ஜேக்வான் கிம் கேள்வியைச் செம்மைப்படுத்தினார். ஈர்ப்புக்குத் தொடுகை வேண்டாம். ஆனால் தூரம் வேண்டும், இடம் வேண்டும். இடமே இல்லாத இரண்டு ஆன்மாக்களில் எது இந்தக் கையை அசைத்தது என்று எதை வைத்துச் சொல்வது? நல்ல கேள்விதான். எனினும் பிடிவாதமான இருமைவாதி, இன்ன ஆன்மாவுக்கு இன்ன உடல் என்பது இயற்கையின் மூல விதி என்று சொல்லித் தப்பலாம். அந்தப் பதில் வறட்டுப் பதில். முரண்பாடு என்று மட்டும் சொல்ல முடியாது.

ஆகவே தள்ளுதலைப் பற்றிய கேள்வியோடு நின்றால் வழக்கு சமநிலையில் முடிந்துவிடும். ஆனால் அதே ஜூன் கடிதத்தில், பாடநூல்கள் பெரும்பாலும் தாண்டிப்போகும் இன்னொரு வரி இருக்கிறது. நன்றாகப் பகுத்தறியும் ஆற்றலும் பழக்கமும் பெற்ற ஓர் ஆன்மா, சில ‘ஆவிகளால்’ அதையெல்லாம் இழந்துவிடுகிறதே. உடலின்றியே நிலைக்கக்கூடியது, உடலோடு பொதுவாக எதுவுமற்றது என்றால், உடல் அதை ஏன் இந்த அளவுக்கு ஆள்கிறது என்று கேட்கிறார். ‘ஆவிகள்’ என்பது அன்றைய மருத்துவத்தின் சொல். மண்ணீரலிலும் வயிற்றிலும் கெட்ட நீர்கள் தேங்கினால் அவற்றின் ஆவி தலைக்கேறி மனத்தைக் கலக்கும் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அந்த மருத்துவம் பிழையாகிப் போனது. அது சுட்டிய நிகழ்ச்சி பிழையாகவில்லை. தெக்கார்த் ஜூன் 28ஆம் தேதி எழுதிய பதிலில் இதைத் தொடவே இல்லை. ஒன்றிப்பைப் புரிந்துகொள்ளத் தியானத்தை விட்டுவிட்டு அன்றாட வாழ்க்கையிலும் உரையாடலிலும் ஈடுபட்டால் போதும் என்றார். தூய அறிவுக்கு ஆண்டில் சில மணி நேரமே தாம் ஒதுக்குவதாகவும் எழுதினார். எலிசபெத்தின் ஜூலை 1 கடிதம் விடவில்லை: ஆன்மா உடலை அசைக்கிறது என்பதைப் புலன்கள் எனக்குக் காட்டுகின்றன, எவ்விதம் என்பதைக் காட்டவில்லை. அதன்பின் பேச்சு வடிவியலுக்குத் திரும்பியது. அந்த ஆண்டு நவம்பரில், கொடுக்கப்பட்ட மூன்று வட்டங்களையும் தொடும் நான்காவது வட்டத்தைக் காணும் கணக்கில் இருவரும் மூழ்கினார்கள். பள்ளிக் கணிதத்தில் ஆர்வம் உள்ளவர்கள் அறிந்த ‘தெக்கார்த்தின் வட்டத் தேற்றம்’ இந்தக் கடிதங்களில் பிறந்ததுதான்.

இரண்டாண்டு கழித்து அந்தக் கேள்வி காய்ச்சலாகத் திரும்பி வந்தது. எலிசபெத்துக்கு வாரக்கணக்கில் நீங்காத இளங்காய்ச்சலும் வறட்டு இருமலும் என்ற செய்தி 1645 மே மாதத்தில் தெக்கார்த்துக்கு எட்டியது. இளங்காய்ச்சலுக்கு வழக்கமான காரணம் துயரம் என்று அவர் எழுதினார். கவலையைக் கண்டு அஞ்சாமல், காட்டின் பசுமையையும் பூவின் நிறத்தையும் பறவை பறப்பதையும் ஒன்றும் நினையாதவரைப்போலப் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். தாயிடமிருந்து தனக்கும் வறட்டு இருமல் வந்தது, இளைஞனாகும்வரை நீடித்தது, நல்லதையே நோக்கும் பழக்கத்தால் மெல்ல நீங்கியது என்று தன் கதையையும் சேர்த்தார். கனிவான கடிதங்கள் அவை. ஆனால் அவற்றின் உள்ளே ஒரு கொள்கை இருக்கிறது: மனம் தன் சிந்தனையைத் தானே ஆள முடியும், அதை ஆண்டால் உடலும் சீராகும். எலிசபெத் மரியாதையோடு மறுத்தார். தன் உடல் மனத்தின் துயரங்களை மிக எளிதாக வாங்கிக்கொள்கிறது, மனத்தோடு சேர்ந்து மீண்டெழும் வலு அதற்கு இல்லை, ஒரு கெட்ட செய்தியிலிருந்து தேற மாதக்கணக்காகிறது, அதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது என்றார். அந்தக் குடும்பத்தின் வரலாற்றைப் பார்த்தால் இதில் மிகையே இல்லை. அதே ஆண்டில் தம்பி எட்வர்ட் மதம் மாறினார். அடுத்த ஆண்டு தம்பி ஃபிலிப் ஹேக் நகரில் ஒரு பிரெஞ்சுக்காரரைக் கொன்றுவிட்டு ஓடினார். 1649 ஜனவரியில் தாய்மாமனான இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்டது.

மனநிறைவுக்கு வழி தேடி இருவரும் செனெக்காவின் நூலைச் சேர்ந்து வாசித்தார்கள். இன்பம் முழுக்க நம் பகுத்தறிவின் கையில் இருக்கிறது என்று தெக்கார்த் வாதிட்டபோது, ஆகஸ்ட் கடிதத்தில் எலிசபெத் தன் வாதத்தைக் கூர்மையாக்கினார். பகுத்தறியும் ஆற்றலையே முற்றாக அழித்துவிடும் நோய்கள் உண்டு. அவற்றோடு பகுத்தறிவு தரும் நிறைவும் போய்விடும். வேறு சில நோய்கள் ஆற்றலைக் குறைக்கும்; நல்ல முடிவுகளைப் பின்பற்றவிடாமல் தடுக்கும். செப்டம்பர் 1ஆம் தேதிப் பதிலில் தெக்கார்த் ஒப்புக்கொண்டார். பகுத்தறிவைச் சுதந்திரமாகப் பயன்படுத்தக்கூடியவர்களைப் பற்றியே தான் பேசியதாகவும், அந்தச் சுதந்திரத்தை நோய் பறித்தால் நிறைவும் பறிபோகும் என்பது உண்மையே என்றும் எழுதினார். உடல்நிலை கெட்டிருந்தால் உலகின் மாபெரும் தத்துவஞானியும் கெட்ட கனவு காண்பதைத் தவிர்க்க முடியாது என்பதும் அந்தக் கடிதத்தில் அவரே தந்த எடுத்துக்காட்டு. இந்த ஒப்புதல் எவ்வளவு பெரியது என்பதை அவர் உணர்ந்தாரா என்று நான் பலமுறை எண்ணியிருக்கிறேன். கை முடங்கினால் ஆன்மாவுக்கு இழப்பில்லை என்று சொல்லலாம். கண் கெட்டால்கூடச் சொல்லலாம். தீர்ப்புச் சொல்லும் ஆற்றலோ, அவருடைய வரையறைப்படியே, ஆன்மாவின் சாரம். அந்தச் சாரத்தைக் காய்ச்சல் தொடுகிறது என்றால், உடலோடு எதையும் பங்கிட்டுக்கொள்ளாத பொருள் என்ற வரையறையில் மிஞ்சுவது என்ன?

இதற்கு இருமைவாதியிடம் ஒரு பழைய மறுப்பு தயாராக இருக்கிறது. கசாந்திக்குத் தந்த பதிலில் தெக்கார்த்தே அதைச் சொன்னார்: கருவி பழுதானால் தச்சர் மோசமாக வேலை செய்கிறார், அதனால் தச்சருடைய தொழிலறிவு கருவியிலிருந்து வந்தது என்று ஆகிவிடுமா? இன்றைய வடிவத்தில் இது வானொலி உவமை: பெட்டி கெட்டால் பாட்டு கரகரக்கும், நிலையத்தில் பாடகர் பழுதின்றிப் பாடிக்கொண்டிருப்பார். மேலோட்டமாகப் பார்த்தால் அசைக்க முடியாத வாதம் போலத் தோன்றும். ஆனால் உளி மழுங்கியது தச்சருக்குத் தெரியும். அவர் எரிச்சல்படுவார், வேறு உளி கேட்பார். கடும் மனச்சோர்வில் வீழ்ந்தவர் தெளிந்த அறிவோடு உள்ளே உட்கார்ந்து, மூளை தன் எண்ணங்களைக் கெடுத்து வெளியே அனுப்புகிறதே என்று முறையிடுவதில்லை. உலகம் இருண்டது என்று அவரே தீர்மானிக்கிறார். மறதிநோய் முற்றியவர் தன் மறதியையும் மறக்கிறார். பழுதான வானொலி செய்தியைக் கரகரக்க வைக்கும். செய்தியின் வாதத்தை மாற்றி, வேறொரு முடிவுக்குக் கொண்டுபோய், அந்த முடிவை நிலையத்தில் இருப்பவரையே நம்பவைக்காது. நோய் செய்வது அதைத்தான். எல்லாக் குறையையும் கருவியின் தலையில் ஏற்றிவிட்டு உள்ளே ஒரு பழுதற்ற தச்சரைக் காப்பாற்ற முயன்றால், நினைவும் தீர்ப்பும் குணமும் விருப்பமும் கருவியின் பக்கமே போய்ச் சேரும்; தச்சரிடம் ஒன்றும் மிஞ்சாது. காப்பாற்ற நினைத்தது நம்மையல்லவா?

ஒன்றைச் சார்ந்திருப்பது அதுவாகவே இருப்பதாகாது என்று இன்னொரு மறுப்பு வரும். சரியான மறுப்பு. விளக்கு எண்ணெயைச் சார்ந்திருக்கிறது, எண்ணெய் ஆகிவிடவில்லை. எலிசபெத்தின் வாதம் மனமே மூளை என்று நிறுவவில்லை; அவரும் அப்படிக் கோரவில்லை. உடலின்றி மனத்தைத் தெளிவாகக் கருத முடிகிறது, ஆகவே உடலின்றி மனம் இருக்க முடியும் என்பது தெக்கார்த்தின் முதன்மை வாதம். நோயைப் பற்றிய அவதானிப்பு அந்தத் தர்க்கத்தை நேராக முறிப்பதில்லை. அது கேட்பது வேறு: அப்படித் தனியே கருதப்பட்டது எது? காய்ச்சலில் கலங்கும், துயரத்தில் தீர்ப்பு மாறும், கனவைத் தடுக்க முடியாத மனத்தைத்தான் நாம் அறிவோம். கருத்தில் பிரித்தெடுத்த அந்தத் தூய சிந்தனை நாம் அறிந்த மனம்தான் என்பதற்குச் சான்று எங்கே?

தெக்கார்த் இதற்கு உடற்கூற்றியலில் விடை தேடினார். உணர்ச்சிகளை வரையறுக்கும்படி எலிசபெத் 1645 செப்டம்பரில் கேட்டதிலிருந்து வளர்ந்ததுதான் 1649இல் வெளிவந்த ‘ஆன்மாவின் உணர்ச்சிகள்’. மூளையின் மற்ற உறுப்புகள் எல்லாம் இரட்டையாக இருக்க, நடுவில் கூம்புபோல் இருக்கும் சிறு சுரப்பி மட்டும் ஒற்றையாக இருக்கிறது. இரு கண்ணின் காட்சியும் ஒன்றாவது அங்கேதான். ஆன்மா அதைச் சாய்த்து நரம்புகளில் நுண்ணாவிகளை ஓட்டுகிறது என்றார். 1665இல் பாரிஸில் ஆற்றிய உரையில் டேனிஷ் உடற்கூற்றியலாளர் நீல்ஸ் ஸ்டென்சன், அந்தச் சுரப்பி சுற்றியுள்ள திசுக்களோடு ஒட்டிக் கிடக்கிறது, அப்படிச் சாய இயலாது என்று காட்டிவிட்டார். இந்தச் சுரப்பிக் கதையைக் கேலிக்குரியதாகச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. இடமற்ற ஒன்றுக்கு இடம் தேட வேண்டிய நெருக்கடியை அவர் நேர்மையாக ஏற்றார். அந்த நெருக்கடியை உருவாக்கியதில் எலிசபெத்துக்குப் பங்கு உண்டு.

அப்படியிருந்தும் இரண்டாவது கேள்வி ஏன் மறைந்தது? 1650 பிப்ரவரியில் தெக்கார்த் ஸ்டாக்ஹோமில் இறந்தபின், அவருடைய தாள்களில் எலிசபெத்தின் கடிதங்களைக் கண்ட பிரெஞ்சுத் தூதர் ஷனு, வெளியிட அனுமதி கேட்டார். எலிசபெத் மறுத்து, திருப்பி வாங்கிக்கொண்டார். 1657 முதல் கிளார்செலியே வெளியிட்ட தொகுதிகளில் தெக்கார்த்தின் பதில்கள் இருந்தன, இளவரசியின் கடிதங்கள் இல்லை. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பா இந்த உரையாடலின் ஒரு பக்கத்தை மட்டுமே படித்தது. ஆர்னெம் நகருக்கு அருகே ரோசெண்டால் மாளிகையில் கிடைத்த படிகளைக் கொண்டு ஃபூஷே தெ கரேல் 1879இல் அச்சிட்டபோதுதான் மறுபக்கம் வெளிவந்தது. இதற்குள் மால்பிரான்ஷ், ஸ்பினோசா, லைப்னிட்ஸ் எல்லாரும் தள்ளுதலின் சிக்கலுக்கே தங்கள் தத்துவங்களைக் கட்டிவிட்டிருந்தார்கள். பிந்தி வந்த எலிசபெத்தையும் வாசகர்கள் அதே கட்டத்துக்குள் வைத்துவிட்டார்கள்.

இருமைவாதம் தோற்றால் பருப்பொருள்வாதம் வென்றுவிட்டது என்று முடிவுகட்டுவது அவசரம். 1949இல் கில்பர்ட் ரைல் இயந்திரத்துக்குள் ஆவி இல்லை என்றார். 1950களில் பிளேஸும் ஸ்மார்ட்டும் உணர்வென்பது மூளையின் நிகழ்வே என்றார்கள். ஆனால் வலி உண்டாகும்போது மூளையில் நடப்பது அத்தனையையும் எழுதிவிட்டாலும், அது ஏன் வலிக்கிறது என்பது எழுதப்படாமல் நிற்கிறது. தாமஸ் நேகல் 1974இலும், டேவிட் சாமர்ஸ் 1995இலும் இதை அழுத்திச் சொன்னார்கள். எலிசபெத் 1643 ஜூலையிலேயே இரு பக்கமும் சாயாத ஓர் இடத்தில் நின்றிருந்தார். ஆன்மாவில் நமக்குத் தெரியாத பண்புகள் இருக்கலாம், பரப்பு சிந்தனைக்குத் தேவையில்லாவிட்டாலும் அதற்கு முரணாக இல்லாமலும் இருக்கலாம் என்று எழுதினார். 1927இல் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் ஏறத்தாழ இதையே பருப்பொருளைப் பற்றிச் சொன்னார்: இயற்பியல் அதன் உறவுகளை மட்டுமே சொல்கிறது, உள்ளியல்பைச் சொல்வதில்லை, மனம் அந்த உள்ளியல்பைச் சேர்ந்ததாக இருக்கலாம். இன்று சாமர்ஸ் உள்ளிட்ட சிலர் அந்த வழியை மறுபடி நடந்து பார்க்கிறார்கள். ஹெர்ஃபோர்டு மடத்தின் தலைவியாக எலிசபெத் 1680இல் இறந்தபோது, அவர் தெக்கார்த்துக்கு எழுதிய கடிதங்கள் இன்னும் அச்சேறாமல் இருந்தன.